மூச்சுக்கு ஆறு தட்டு

சரி தம்பி என்று சொன்ன அந்த வாயை ஊசி நூல் எடுத்துத் தைத்துப் போடலாம் போல இருந்தது ஜெபக்கனிக்கு. வேறு யார் வாயும் இல்லை, அவள் வாய்தான். போதகர் பிரசங்க மேடையில் ஏறி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறுப்பின் பண்டிகை நாளாகிய இன்று நாம் மூன்று காரியங்களைச் சிந்திக்கப் போகிறோம் என்று ஆரம்பித்ததும், தேவநேசபுரம் சபை மொத்தமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், பூசணிக்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல், ஒரு வெள்ளாட்டுக்குட்டி, ஓரமாக உப்பளத்துப் பெண்கள் சுமந்துவந்து வைத்த ஓலைப்பெட்டி உப்பு. அந்த உப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்கு முன்னால் கோயில் படிக்கட்டில் நின்று அந்த மெட்ராஸ் பையன் ரெக்ஸன் சொன்னதும், இவள் சரி தம்பி என்றதும் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடின. எவ்வளவு மரியாதையாகச் சொன்னான். முரடனாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பாள். "ஆன்ட்டி, நீங்க மிசின்ல போட்ட தாளப் பேட்டர்ன் எல்லாம் பாத்தேன், சூப்பரா இருக்கு. ஒரே ஒரு தப்பு விழுந்திருந்தது. மூணாவது வரி முடிஞ்சதும் சும்மா எம்ப்டியா ஒண்ணு வருது, அதுவும் ஆறு பீட்டு. நாலு வரும், எட்டு வரும், ஆறுன்னு ஒண்ணு எப்படி ஆன்ட்டி வரும்? எல்லாத்தையும் தூக்கிட்டேன். இனி நிக்காம நேரா ஓடும்." பல் தெரியச் சிரித்தான். இவளும் சிரித்தாள். சிரித்துத் தொலைத்தாள். தப்பு இல்லப்பா, அது மூச்சு, என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் மணி அடித்தது, பாடகர் குழுவை நடத்துகிற சுவிசேஷமுத்து அண்ணாச்சி உள்ளே இருந்து, "ஏ, என்ன அங்க பேச்சு, ஆராதனை ஆரம்பிச்சாச்சுல்லா" என்று கையை வீசினார், வாய் தன் பாட்டுக்குச் சரி தம்பி என்றது. வாய் என்ன வாய். நாப்பத்தாறு வருஷமாகப் பழக்கின வாய். உப்பளத்தில் கங்காணி இருபது நடை நடந்ததைப் பதினெட்டு என்றால் சரி அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில் இன்றைக்கு டாக்டர் இல்லை, நாளைக்கு வா என்றால் சரிம்மா. மூளை போய்ச் சேரும் முன்னால் அது போய் வாசலில் நிற்கும், வாங்க வாங்க என்று.

முதலாவது காரியம் என்றார் போதகர். பெண்கள் பக்கம் முதல் மூன்று வரிசையில் வாடாமல்லி நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை கட்டிப் பதினேழு பேர், இவளோடு பதினெட்டு. பிரசங்கம் முடிந்து, காணிக்கை முடிந்து, பதினெட்டு பேரும் பீடத்துக்கு முன்னால் ஏறி நின்று நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். எதிரே பாடகர் குழுவின் பக்கம், கீபோர்டுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் அது இருந்தது. இங்கிருந்து பார்க்க ஒரு ஜெபப் புத்தகத்தின் பருமன்கூட இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற கம்ப்யூட்டர். கப்பலில் வேலை பார்க்கும் கொழுந்தன் எங்கேயோ வாங்கிக் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு, மைனி இத நீங்க வச்சிக்கிடுங்க என்று கொடுத்துவிட்டுப் போனது. அதற்குள் ஒரு பாட்டுப் பெட்டகம் இருக்கிறது என்று இவளாகத்தான் கண்டுபிடித்தாள். உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் மத்தியானச் சோற்று நேரம், இடது கையில் அது, வலது கையில் அதன் குச்சிப் பேனா. குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே எட்டு வரிசை. ஒரு வரிசை தபேலா, ஒரு வரிசை சிங்கி, ஒரு வரிசை அந்த தும் என்கிற பெரிய சத்தம். கட்டத்தில் குச்சியால் தொட்டால் புள்ளி விழும். நாலு கட்டம் ஒரு தட்டு. அஞ்சாம் வகுப்பு படித்தவளுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும், காது இருந்தால் போதும். அதற்கென்று தனியாகச் சத்தம் கிடையாது, அதுதான் வேடிக்கை. எப்போது எதைத் தட்டு என்று உத்தரவு மட்டும் போடும். மிடி ஒயர் வழியாக அந்த உத்தரவு சவுண்டுப் பெட்டிக்குப் போகும், தட்டுகிறது பெட்டி. கங்காணி வெயிலில் குடை பிடித்து நிற்பான், சுமப்பது நாங்கள் என்று சொல்லி அன்றைக்குக் கூட வேலை பார்க்கும் எப்சிபாவும் இவளும் சிரித்த சிரிப்பில் சோற்று வாளி கவிழ்ந்தது. அந்தப் பெட்டியும் ஒயரும், கலைந்து போன மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தவை. தூசி தட்டி, ஒயரின் அஞ்சு கம்பியில் வளைந்து போன ஒன்றைப் பின்னூசியால் நிமிர்த்தி, முதல் முதலாக அந்த தும் கேட்டபோது இவள் புருஷன் குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத்தோடு ஓடி வந்தான், எவன்டா கதவ உடைக்கியது என்று.

அப்போதும் ஆறு இல்லை. முதலில் போட்டதில் ஆறு இல்லவே இல்லை. வரிசையாக ஓடியது. பாட்டு அவர்களே கட்டினது, உப்பளத்தில், பாத்தி வரப்பில் நடக்கும்போது. முதல் இரண்டு வரி சின்ன வரி. மூன்றாவது வரி நீளம். வெள்ளைப் பாத்தி வெயிலில் எரிய வெறுங்காலோடு நடந்தோமையா, என்று அந்த ஐயாவை இழுத்து, இழுத்து, நுரையீரல் அடியில் கிடக்கிறதையும் வழித்து வெளியே போட்டுவிட்டுத்தான் விடுவார்கள். விட்டதும் நிற்கும். அதற்குப் பிறகுதான் நீரே எங்கள் நிழலையா வரும். இவள் போட்ட தாளமோ நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒத்திகையில் கூடப் பாடுகிற தங்கப்பழம் மைனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, ஒன் மிசினுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கெடையாதா? மனுசிய மூச்சு வாங்க விடமாட்டேங்குதே." எல்லோரும் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அம்பாரத்தின் மேல் உப்புப் பெட்டி ஏற்றினவள், அவளுக்கு மூச்சு உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில் கேட்கும். அன்றிலிருந்து பதினோரு ஞாயிற்றுக்கிழமை இவள் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விரலால் தட்டித் தட்டி எண்ணினாள். நாலு தட்டு விட்டால் மைனிக்குப் பாதி மூச்சுத்தான் வரும். எட்டு விட்டால் சின்னப் பிள்ளைகள் பொறுக்காமல் எடுத்துவிடுவார்கள். ஆறு. பதினெட்டு பேருக்கும் பொதுவான மூச்சு ஆறு. அப்புறம்தான் ஏழாம் நம்பர் தாளம் என்று ஒன்று போட்டாள். பதினாறை இருபத்துநாலு கட்டமாக நீட்டினது, ஒரு புள்ளிகூடக் கிடையாது. மிசின் ஓட்டுகிற வரிசை ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு, நான்கு. ஒவ்வொரு சரணத்திலும் ஒரு ஏழு, நாலு சரணத்துக்கு நாலு ஏழு. அவள் போட்டதிலேயே கஷ்டமானது அந்த ஒன்றுமில்லாததுதான். அதைப் போய்த் தப்பு விழுந்திருக்கு என்கிறான். நேற்றுச் சாயங்காலம் ஒத்திகை முடிந்ததும், ஒரு நைட் குடுங்க ஆன்ட்டி, பாத்துட்டுத் தாரேன் என்று வாங்கிக்கொண்டு போனபோதே கை கொஞ்சம் தயங்கியது. கையாவது தயங்கியது.

இரண்டாவது காரியம். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை கொட்டாவி விட்டது. சுவிசேஷமுத்து அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிரசங்கத்தை ரசிக்கிற மாதிரியே தூங்கினார். பக்கத்தில் அவர் தங்கை மகன் ரெக்ஸன், மெட்ராஸில் ஏதோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருக்கிறானாம், லீவுக்கு வந்திருக்கிறான், முட்டியில் விரல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். எதைத் தட்டுகிறானாம்? நாலு நாலாகத் தட்டுகிறான். போன வருஷம் இதே அண்ணாச்சிதான் சொன்னார், கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும். "உப்பளத்துப் பொம்பளைக பாடட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா தாளம் ஒழுங்கா ஓடணும். நின்னு நின்னு இழுத்தா, வேற சபைக்காரன் சிரிப்பான். மிசின் தாளத்தோட சேந்து பாடுனா முன்னால நிக்கலாம். இல்லையா, இருந்த எடத்துலயே பாடிக்கிடுங்க." பின் வரிசையில் யாரோ, "டயர் பஞ்சரான மாரில்லா பாடுதாளுவ" என்றான். கமிட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இவள் ஒரு வருஷம் குச்சிப் பேனாவைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சரி, இன்றைக்குப் பார்க்கட்டுமே. பார்க்கட்டும். பாட்டு ஆரம்பிக்கட்டும், மூன்றாம் வரி முடியட்டும், பெண்கள் நிற்பார்கள், மிசின் நிற்காது, அதுபாட்டுக்கு அறுத்துக்கொண்டு போகும், தும் தும் என்று, ஆள் ஏற்றாமல் போகிற பஸ் மாதிரி, அந்தப் பயல் முகம் வெளுக்கும், எந்தப் பித்தானை அழுத்துவது என்று தெரியாமல் தடவுவான், மாமனுக்கு வேர்க்கும். நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. மோர் குடித்த மாதிரி. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வாயே திறக்கமாட்டேன். சரி தம்பி என்றுதானே சொன்னேன், சரியாகவே போகட்டும்.

அந்தக் குளிர்ச்சி எவ்வளவு நேரம் நின்றது? போதகர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தம்ளரை வைக்கிற நேரம். பிறகு அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயலைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள்? மிசினைப் பார்த்து யாராவது இதுவரை சிரித்திருக்கிறார்களா? மிசின் தப்பாகத் தட்டியது என்று இந்தச் சபையில் ஒரு ஆள் சொல்லுமா? மிசின் எப்படித் தப்பாகத் தட்டும்? பொம்பளைகதான் விட்டுட்டாளுவ, என்பார்கள். உப்பளக்காரிகளுக்கு எங்க தாளம் தெரியும், மிசின் சரியாத்தான் போச்சு, இவளுகதான் நின்னுட்டாளுவ. எப்சிபா அழுவாள். எல்லாவற்றுக்கும் அழுகிறவள். தங்கப்பழம் மைனி அழமாட்டாள், அந்தச் சேலையைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். சாகிற வரைக்கும் இருந்த இடத்தில்தான் பாடுவாள். அதுவும் பாடுவாளோ என்னவோ. அடுத்த வருஷம் கேட்டால் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, போன வருஷம்தான் பாத்தோமே என்பார். பாத்தோமே. அந்தப் பாத்தோமே இப்போதே காதில் விழுந்தது. பக்கத்தில் மைனி உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் தெரியாமல். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, உதட்டுக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் வரி வந்ததும் உதடு நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. திரும்ப அசைகிறது. இந்த மனுஷி ஆறை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜெபக்கனிக்குக் கோபம் இப்போது வேறு மாதிரி ஏறியது. முன்னே வந்தது வயிற்றில் கிடந்து கொதித்த கோபம், இது காலுக்கு இறங்கியது. "என்னட்டி, காலு ஆடுது?" என்றாள் மைனி, உதடு அசையாமல். "ஒண்ணுமில்ல மைனி." "ஒண்ணுமில்லன்னா பெஞ்சு ஏன்ட்டி ஆடுது? பயமா?" "பயமில்ல." பொய்யில்லை, முழுக்கப் பொய்யில்லை. பயமும் இருந்தது. எழுந்து போனால் என்ன சொல்வார்கள். ஆராதனை நடுவில் ஒரு பொம்பளை பாடகர் குழு பக்கம் போவதா. போய் அந்தக் குச்சியைப் பிடிக்கும்போது கை நடுங்கினால். நடுங்கி வேறு எங்காவது புள்ளி விழுந்தால். அவன் ஏழாம் நம்பரை வரிசையிலிருந்து மட்டும் எடுத்தானா, அதையே அழித்துவிட்டானா? அழித்திருந்தாலும் எப்படித் தெரியும், அதில்தான் ஒன்றுமே இல்லையே. அழித்த வெறுமையும் அவள் போட்ட வெறுமையும் பார்வைக்கு ஒன்றுதானே. நீளம் பார்க்க வேண்டும். இருபத்துநாலு என்று இருந்தால் அவளுடையது. பதினாறு என்று இருந்தால் போச்சு.

மூன்றாவதும் கடைசியுமான காரியம் என்ன என்று சபையில் வேறு யாருக்காவது தெரியுமோ என்னவோ, அவளுக்குத் தெரியாது. ஆமென் என்று கேட்டது, எல்லோரும் எழுந்தார்கள், காணிக்கைப் பாட்டுக்கு அண்ணாச்சி கீபோர்டில் கை வைத்தார். பண்டிகை அன்றைக்குப் பை சுற்றி வராது. ஒவ்வொருவராக நடந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் தட்டில் போட்டுவிட்டு, ஆண்கள் வலப்பக்கமாகவும் பெண்கள் இடப்பக்கமாகவும் இருக்கைக்குத் திரும்ப வேண்டும். ஜெபக்கனி வரிசையில் நடந்தாள். கவரைத் தட்டில் போட்டாள். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினாள். பின்னால் வந்த எப்சிபா அவளை ஒட்டியே திரும்பி, இரண்டு எட்டு வைத்து, திடுக்கென்று நின்று, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஆண்கள் வரிசை பிளந்து வழி விட்டது, எதற்கென்று தெரியாமலே. அண்ணாச்சிக்கு இரண்டு கையும் கீபோர்டில் மாட்டிக்கொண்டிருந்தன. பாட்டை நிறுத்த முடியாது, பல்லைக் கடித்தபடியே உதட்டை மட்டும் திறந்து, "ஜெபக்கனி, எங்க வார? போ. எடத்துக்குப் போ." அவள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ரெக்ஸன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன ஆன்ட்டி?"

"தள்ளு."

அவள் வாயிலிருந்து வந்ததுதான். வாய்க்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். அவன் தள்ளவில்லை, ஆனால் உடம்பு கொஞ்சம் பின்னால் போனது, அந்தக் கொஞ்சத்துக்குள் அவள் கையை விட்டுக் குச்சிப் பேனாவை எடுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கேன். இப்ப போய்த் தொட்டா கரப்ட் ஆயிடும். மாமா..." "பேசாத." ஏழாம் நம்பர். தொட்டாள். கட்டம் கட்டமாக வெறுமையாக விரிந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை, கண்ணைச் சுருக்கினாள், மூலையில் நீளம், இரண்டா ஒன்றா முதல் எழுத்து, இரண்டு, இருபத்துநாலு. என் வெறுமை. என்னுடையதுதான். அப்புறம் வரிசைப் பட்டியல். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தொட்டு, நுழை, ஏழு. ஒன்று ஆயிற்று. மணிக்கட்டை ஸ்டாண்டில் ஊன்றிக்கொண்டாள். இரண்டாம் சரணம், நுழை, ஏழு. காணிக்கைப் பாட்டின் கடைசிச் சரணம் வந்துவிட்டது. "கமிட்டியில வச்சுப் பேசுதேன் ஒன்ன," என்றார் அண்ணாச்சி, சுதிக்குள்ளேயே. பேசுங்க. நுழை, ஏழு. உங்கள் மருமகனுக்குத் தப்பாகத் தெரிந்தது, உங்களுக்குப் பஞ்சராகத் தெரிந்தது, ஒருத்தருக்காவது மூச்சு என்று தெரிந்ததா, நாப்பது வருஷமாக இதே கூரைக்குள் இதே பெண்கள் பக்கத்தில் நின்று பாடுகிறார்களே, ஒரு நாளாவது திரும்பிப் பார்த்து இந்த மைனிக்கு மூச்சில் ஏன் விசில் அடிக்கிறது என்று கேட்டீர்களா. நாலாவது ஏழு குச்சி வழுக்கி எட்டில் விழுந்தது. அழித்தாள். திரும்பத் தொட்டாள். ஏழு. ஆமென் என்று காணிக்கைப் பாட்டு முடிந்தது.

அவள் திரும்பிப் போகவில்லை. போக நேரமும் இல்லை. பதினேழு பேர் வாடாமல்லிச் சேலையில் ஏறி நின்று, பதினெட்டாவது ஆள் எங்கே என்று தேடி, மிசினுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். தங்கப்பழம் மைனி புருவத்தைத் தூக்கினாள். இவள் தலையை ஆட்டினாள், பாடுங்க என்று. தட்டிவிடும் புள்ளியை அவளே தொட்டாள். தும். சிங்கி. தபேலா. முதல் வரி ஏறியது, இரண்டாவது வரியில் சபையில் சிலர் கால் ஆடியது, சுவிசேஷமுத்து அண்ணாச்சியின் தலைகூட அவருக்குத் தெரியாமல் ஆடியது. மூன்றாவது வரி. வெள்ளைப் பாத்தி வெயிலில் எரிய. இழுத்தார்கள். ஐயாவை விட்டார்கள். பெட்டி நின்றது.

கோயில் அப்படியே அமுங்கியது. முன்னால் இருந்த மைக் வழியாகப் பதினேழு பேர் மூச்சு வாங்கும் சத்தம், அதற்குள் மைனியின் விசில், தூண்களுக்கு நடுவில் பெரிதாகக் கேட்டது. சேவல்கூட அசையவில்லை. ஒன்று. பின் வரிசையில் தலைகள் திரும்பின. இரண்டு. அண்ணாச்சி முகம் கறுத்து, நின்னுட்டுல, அமுக்குல, என்று உதட்டை அசைத்தார். ரெக்ஸனின் கை பாய்ந்தது. மூன்று. அவன் மணிக்கட்டை அவள் பிடித்தாள். உப்புச் சுமந்த கை, ஒன்பது வருஷம். அவன் இழுத்துப் பார்த்தான், நகரவில்லை. நாலு. "ஆன்ட்டி, நின்னுடுச்சு," என்று அவன் காற்றாகச் சொன்னான். நாலோடு முடிந்திருக்க வேண்டும் அவன் கணக்கில், அவன் நாடி அவள் விரலுக்கு அடியில் தறிகெட்டு ஓடியது. அஞ்சு. மைனியின் தோள் உயர்ந்தது, உயர்ந்துகொண்டே இருந்தது, அடிவயிறு வரை மூச்சு இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. ஆறு.

நீரே எங்கள் நிழலையா என்று பதினேழு பேரும் எடுத்தார்கள், தும் அவர்களோடு ஒரே நொடியில் விழுந்தது. இன்னும் மூன்று சரணம் இருந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.